சார் போட்ட போஸ்ட்!

மக்களே, செப்டம்பர் மாசம் லிங்க்ட்இன் பக்கம் எட்டிப் பார்த்திருக்கீங்களா? புரொபசர்கள் பக்கம் முழுக்க ஒரே வாசகம்... 'உலகின் டாப் 2 சதவிகித விஞ்ஞானிகளில் ஒருவர்'! பொன்னாடை, பின்னாடி ஃப்ளெக்ஸ், கீழே வரிசையா 'கங்கிராட்ஸ் சார்'. (இன்டர்னல் மார்க் அவர் கையில இருக்கும்போது லைக் போடாம இருக்க முடியுமா பாஸ்?)

எனக்கு அடுத்த வருஷம் ஃபைனல் இயர் புராஜெக்ட். கைடைத் தேடணும். அதனால அந்த லிஸ்ட்டையே டவுன்லோடு பண்ணிட்டேன். காசு கிடையாது, எக்ஸெல் ஃபைல்தான்.

அது விருது இல்லீங்க. யாரும் கூப்பிட்டுக் கொடுக்கலை. ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியின் ஜான் அயோனிடிஸ் டீம் 2019-ல ஆரம்பிச்ச கணக்கு. ஒருத்தரோட பேப்பரை மத்தவங்க எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு ஸ்கோபஸ் தகவலை வெச்சுப் போடறாங்க. அதிலும் ரெண்டு லிஸ்ட். ஒண்ணு வாழ்நாள் உழைப்புக்கு, இன்னொண்ணு ஒரே ஒரு வருஷத்துக்கு. நான் பார்த்த போஸ்ட்கள்ல எந்த லிஸ்ட்னு யாரும் மூச்சு விடலை.

சூப்பர் மேட்டர் இனிமேதான். தன் பேப்பரைத் தானே மேற்கோள் காட்டிக்கிட்டது எத்தனை சதவிகிதம்னு அதிலேயே ஒரு காலம் இருக்கு! ஒரே ஆராய்ச்சியைத் தொடர்ந்து செய்றவங்களுக்கு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், தப்பில்லை. 2024-லேர்ந்து வாபஸான பேப்பர் எத்தனைன்னும் போடறாங்க. இந்த ரெண்டு காலமும் இதுவரை எந்த ஃப்ளெக்ஸ்லயும் என் கண்ணுல படலை.

விளம்பரமே கூடாதுன்னு சொல்லலை. 1960-ல நீல்ஸ் போர் மெட்ராஸ் வந்தார். மயிலாப்பூர்ல தன் வீட்லயே பசங்களுக்கு இயற்பியல் செமினார் நடத்திட்டிருந்த அல்லாடி ராமகிருஷ்ணனையும் அந்தச் சின்ன குரூப்பையும் பார்த்து அசந்துபோய், பத்திரிகைக்காரங்ககிட்டயே பாராட்டிட்டார். விஷயம் நேரு வரைக்கும் போச்சு. 1962 ஜனவரியில கணித அறிவியல் நிறுவனம் பிறந்தாச்சு. இன்னிக்கு தரமணியில இருக்கே, அதேதான். அங்கே பேசப்பட்டது சார் மட்டும் இல்லை, பசங்களும்தான்.

எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க பிஎச்.டி. பண்றாங்க. ரெண்டு வருஷம் ராத்திரி பகலா லேப்ல கிடந்து எழுதின பேப்பர், கைடோட பக்கத்துல 'என் புதிய ஆய்வு'ன்னு வந்துச்சு. அக்கா பேர் போஸ்ட்ல எங்கேயும் இல்லை.

"கமென்ட்ல கேட்க வேண்டியதுதானேக்கா?"

"தீசிஸ்ல அவர் இன்னும் கையெழுத்துப் போடலைப்பா" என்றார்.

என் லிஸ்ட்ல இப்போ ரெண்டு பேர். ஒருத்தருக்கு ஃபாலோயர்ஸ் எக்கச்சக்கம். இன்னொருத்தருக்கு அக்கவுன்ட்டே இல்லை. ஆனா அவர் பேப்பர்கள்ல பெரும்பாலும் முதல் பேர் ஸ்டூடன்ட் பேர்தான். திங்கட்கிழமை அவர் ரூம் கதவைத் தட்டப் போறேன்.