வாயில் கொண்டுபோன பாடம்

தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, சாயங்கால மணி அடித்தாலும் சிட்டாகப் பறந்துவிட முடியாது. டீச்சர் வாசலை மறித்து நிற்பார். வரிசையில் வரும் ஒவ்வொருவர் காதிலும் ஒரு பெயர் சொல்லி அனுப்புவார். ஒரு நாள் பூ, ஒரு நாள் பறவை, ஒரு நாள் ஊர். மறுநாள் ஹாஜரி எடுக்கும்போது 'உள்ளேன் டீச்சர்' செல்லாது. அந்தப் பெயரைத்தான் சொல்லவேண்டும். மறந்தவன் நின்றுகொண்டே இருப்பான்.

நைன்ட்டி ஃபீட் ரோட்டைத் தாண்டுவதற்குள் பாதிப் பெயர் கரைந்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே ஓடிப்போய், கவிழ்த்த கூடைமேல் அப்பளம் உலர்த்தும் அம்மாவிடம் ஒப்படைப்பேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "ஏலே, ஆவாரம்பூவா? நம்ம ஊர்க் கரையில மஞ்சமஞ்சேருன்னு கெடக்கும்லா" என்று ஆரம்பித்தால் அடுப்பில் சோறு பொங்கும்வரை நாங்குநேரிப் பக்கத்துக் குளமும் கரையும்தான். காலையில் என்னை எழுப்புவதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான்.

போன வருஷம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எட்டுப் பக்க வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்தாள். அதில் ஆறு பக்கத்தை எழுதியது நான். "ஹோம் ஒர்க்கைக் கண்டுபிடிச்சது யாருப்பா?" என்று கேட்டாள். அடிக்கப் போகிறவளின் குரல்.

இணையம் ஒரு பெயரை உடனே நீட்டியது. ரொபெர்ட்டோ நெவிலிஸ், வெனிஸ் நகர வாத்தியார், 1905. சில பக்கங்களில் அதே ஆள் 1095இல் இருக்கிறார். எட்டு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே வாத்தியார்! கலிபோர்னியா மாகாணம் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 1901இல் சட்டம் போட்டது. பிறக்காத ஒன்றை எப்படித் தடை செய்வது? நெவிலிஸ் வெறும் கட்டுக்கதை. அவரை விட்டுவிட்டு என் டீச்சரைத் தேடிப் போனேன்.

ஓய்வுபெற்று செம்பூரில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, ஆவாரம்பூவைத் தெரிந்தது. "எங்க அப்பா திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. ராத்திரி படுக்கும்போது எனக்கு ஒரு பேரு சொல்லுவாரு, விடிஞ்சதும் கேப்பாரு. மேலே இருந்து வந்த உத்தரவுன்னா நெனச்சே?" என்று சிரித்தார்.

அடுத்த துப்பு மாட்டுங்காவில், நண்பனுடைய அப்பாவின் புத்தக அலமாரியில் கிடைத்தது. 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் சரித்திரம்'. தம் பிள்ளைப்பருவத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை அதில் விவரிக்கிறார். சாயங்காலம் வாத்தியார் பூ, பறவை, விலங்கு என்று ஏதாவது பெயர் சொல்லி அனுப்புவார்; மறுநாள் பையன் ஒப்பிக்கவேண்டும். மாட்டுங்காவின் அந்த முன்னறையில் என் வகுப்பு வாசல் மணியே கேட்டது போலிருந்தது.

சாமிநாதையரின் அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளையும் இருந்தான். எங்கள் வகுப்பில் அவன் பெயர் மானிட்டர். அவன் ஒரு வரி வாசிப்பான், நாங்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்வோம். 'மானிட்டர்' என்றதும் இங்கிலீஷ்காரன் கொடுத்தது என்றே நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழாகவும் இருக்கலாம். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் விடுதியிலும் செய்யச் சொன்னார்; ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு, மானிட்டராகத் திரும்பி வந்திருக்கலாம்.

இன்னும் பின்னால் போனால், 1623இல் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வால்லே கர்நாடகத்து இக்கேரிப் பக்கம் ஒரு கோயில் முன்மண்டபத்தில் நாலு சிறுவர்களைப் பார்க்கிறார். பாட்டாகச் சொல்லிக்கொண்டே மணலில் கணக்கு எழுதுகிறார்கள். வாத்தியாரே இல்லை. மறந்துபோனால் யார் திருத்துவது என்று கேட்டதற்கு, நாலு பேரும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தை மறக்கமாட்டோமே என்றார்களாம். அந்தப் பதிலுக்காகவே அந்த நால்வரையும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

திண்ணையைக் கொண்டாட நான் வரவில்லை. பிரம்பு, பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் எல்லாம் அங்கேதான் இருந்தன. என் அம்மாவைப் போன்றவர்களை அந்தத் திண்ணை ஏற விட்டதும் இல்லை. ஆனால் அந்த ஒரு பெயர் வேலை செய்த விதம் வேறு. அதைப் படிக்க விளக்கு வேண்டாம், மேஜை வேண்டாம், படித்த அப்பா வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்திருந்தாலும் அதற்கு இடம் இருந்தது. என் மகளின் எட்டுப் பக்கத்துக்கு அப்படி இல்லை. அது பெற்றோருக்கு வைக்கிற பரீட்சை. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் மாநிலங்களுக்கு அதையே எழுதியது. பக்கங்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன.

தாராவியிலோ செம்பூரிலோ வேறெந்த ஊரிலோ, இப்படிப் பெயரை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியவர்கள் இன்னும் இருப்பீர்கள். இருந்தால் எழுதுங்கள். உங்கள் டீச்சர் கொடுத்த பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.