புகை மலையில் நாலு நாள்

நாலு நாள் சும்மா இருப்பது எவ்வளவு கடினமான காரியம் என்று நேயர்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? குடும்பத்தோடு யாத்திரை கிளம்பினால் நமக்குக் கோயில் பார்க்க வேண்டும், குளம் பார்க்க வேண்டும், வீடு திரும்பும்போது கையும் காலும் ஓய்ந்து போயிருக்க வேண்டும். அப்போதுதான் செலவழித்த பணம் வீண் போகவில்லை என்று மனத்துக்குத் திருப்தி உண்டாகும்.

ஆகையால், அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வசிக்கும் எங்கள் தம்பி, “இந்தத் தடவை ஒன்றும் பார்க்கப் போவதில்லை. மலையடிவாரத்தில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்து நாலு நாள் உட்கார்ந்திருக்கப் போகிறோம்” என்று சொன்னபோது, 78 வயதான எங்கள் தாயார், “உட்காருவதற்கு உன் வீட்டிலேயே நாற்காலி இருக்கிறதே, அப்பா!” என்றார்.

என்றாலும் புறப்பட்டோம். அட்லாண்டாவிலிருந்து வடக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் மோட்டார்ப் பிரயாணம். டென்னஸீ, வட கரோலினா என்னும் இரண்டு ராஜ்யங்களின் எல்லையில், சுமார் 800 சதுர மைல் பரந்து கிடக்கிறது பெரும் புகை மலைத் தேசீயப் பூங்கா. புகை என்றதும் எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று எண்ணவேண்டாம். அடர்ந்த காட்டின் மரம் செடிகள் வெளிவிடும் ஆவியும் மலைக்காற்றின் ஈரமும் சேர்ந்து, சிகரங்களின் மேல் இளநீலப் படலமாய்ப் படிந்திருக்கின்றன. “இதுவும் நீலகிரிதான்” என்றார் தாயார். உயரத்தில் மட்டும் நம் தொட்டபெட்டாவே பெரியது. இங்குள்ள உச்சிச் சிகரம் 6,643 அடிதான்.

பூங்காவின் எல்லைக்கு வெளியே, வேர்ஸ் பள்ளத்தாக்கில் இருந்தது எங்கள் மரவீடு. காட்டுக் குடிசையை எதிர்பார்த்துப் போன எங்களுக்கு அது ஏமாற்றமளித்தது என்று சொல்வதற்கில்லை. சுவர்கள் என்னவோ உருண்டை மரங்கள்தாம். உள்ளே துணி துவைக்கும் யந்திரம் முதல் டெலிவிஷன் வரையில் சகல ஸௌகரியங்களும் இருந்தன. கணப்புக்கு விறகு கூட வேண்டாம். பித்தானை அமுக்கினால் ஜுவாலை வருகிறது. வாசல் தாழ்வாரத்தில் ஆடும் நாற்காலிகள் ஆறு. முதல் நாள் மாலை அவற்றில் ஒன்றில் அமர்ந்த தாயார், கையில் காப்பி டம்ளருடன் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவேயில்லை. அது ஐப்பசி மாதம். எதிர் மலைச் சரிவில் மஞ்சளும் குங்குமமும் கொட்டிக் கவிழ்த்தாற்போல் இலைகள் நிறம் மாறியிருந்தன.

இரண்டாம் நாள் அந்தி வேளையில், தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு கரடி இரண்டு குட்டிகளுடன் நிதானமாக நடந்து போயிற்று. இந்த மலைகளில் 1,500 கரடிகளுக்கு மேல் இருக்கின்றன. குப்பையை அவை கிளறாதபடி வீட்டுக்கு வீடு இரும்புப் பெட்டி வைத்துப் பூட்டுகிறார்கள். தம்பியின் குழந்தைகள் மூச்சுக்கூட விடவில்லை. தாயார் மட்டும் கை கூப்பி, “ஜாம்பவான் குடும்பத்தோடு வந்திருக்கிறார்” என்று மெதுவாகச் சொன்னார்.

இவ்வாறு சும்மா இருப்பதில் நாங்கள் தேர்ச்சி பெற்றுவந்த சமயத்தில், மூன்றாம் நாள், தம்பி மகள் ஒரு வழிகாட்டிப் படத்தை விரித்து, “பாட்டி, இங்கே நிஜமான மரவீடு ஒன்று இருக்கிறதாம்!” என்றாள். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆற்றங்கரையில் உண்ட பிறகு, 1882-ல் கட்டிய ஒரு சின்னஞ்சிறு பள்ளிக்கூடம் வரையில் வண்டியில் போய், அங்கிருந்து காட்டுப் பாதையில் ஒரு மைல் நடந்தோம். தாயார் கம்பூன்றி, நின்று நின்று, நடந்தே வந்து சேர்ந்தார்.

கல்லால் கட்டிய புகைபோக்கி. செதுக்கிய மரங்களை அடுக்கிய சுவர். பாலும் வெண்ணெயும் குளிர்ந்திருக்க ஊற்று நீரின் மேல் கட்டிய சிறு கொட்டகை. வாக்கர் சகோதரிகளின் வீடு அது. இப்போது உள்ளே ஒருவருமில்லை.

அவர்களுடைய கதையைச் சொல்லுமுன் பூங்காவின் கதையைச் சொல்லவேண்டும். மரம் வெட்டும் கம்பெனிகள் இம்மலைகளின் பெரும்பகுதியை மொட்டையடித்திருந்த காலத்தில், மிஞ்சிய காட்டையாவது தேசத்தின் சொத்தாக்க வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தது. 1926-ல் சட்டம் பிறந்தது. இரண்டு ராஜ்யங்களும் பொது ஜனங்களும் நிதி திரட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் காசு போட்டார்கள். 1928-ல் ராக்பெல்லர் குடும்பத்தின் தர்ம நிதியிலிருந்து 50 லக்ஷம் டாலர் வந்தது. 1934-ல் பூங்கா ஏற்பட்டது. 1940-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நேரில் வந்து அதைத் தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார். இன்று வருஷந்தோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. வண்டியை நிறுத்துவதற்கு மட்டும் 2023 முதல் பணம் வாங்குகிறார்கள்.

ஆனால் மலைகள் காலியாக இருக்கவில்லை. 1,200 பேருக்கு மேற்பட்ட நிலச் சொந்தக்காரர்கள் தங்கள் பூமியை விட்டுக் கொடுக்க நேர்ந்தது. அவர்களுக்கும் முன்னால் இங்கே வாழ்ந்த செரோக்கி மக்களை 1838-ல் துருப்புக்களைக் கொண்டு மேற்கே விரட்டினார்கள். வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மலைகளில் ஒளிந்து தப்பியவர்களின் சந்ததியார் இன்றும் பூங்காவின் தென் எல்லையில் வாழ்கிறார்கள். உச்சிச் சிகரத்துக்குக் ‘குவோஹி’ என்ற அவர்களுடைய பழம்பெயர் 2024-ல்தான் திரும்பக் கிடைத்தது.

வாக்கர் சகோதரிகள் ஐவரும் விவாகமின்றிப் பிதாவின் வீட்டிலேயே வாழ்ந்தவர்கள். ஆடு வளர்த்து, நூல் நூற்று, தாங்களே நெய்து உடுத்தினார்கள். நம் கதர்த் தொண்டர்கள் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். சர்க்காருக்கு அவர்கள் எளிதில் இணங்கவில்லை. முடிவில், 1941-ல் சுமார் 122 ஏக்கரை 4,750 டாலருக்குக் கொடுத்தார்கள். உயிருள்ளவரை அங்கேயே வசிக்கலாம் என்பது நிபந்தனை. பத்திரிகையில் செய்தி வந்ததும் வேடிக்கை பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். அவர்களுக்குச் சகோதரிகள் ஆப்பிள் பணியாரமும் பின்னல் வேலைகளும் விற்றார்கள். வயது ஏற ஏற ஓய்ந்துபோய், வழியிலிருந்த வரவேற்புப் பலகையை எடுத்துவிடும்படி 1953-ல் எழுதிக் கேட்டுக்கொண்டார்கள். கடைசிச் சகோதரி 1964-ல் காலமானார்.

தம்பி இதைப் படித்துச் சொன்னபோது தாயார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “கொடுத்து வைத்தவர்கள். சாகிற மட்டும் இருக்க விட்டார்களே!” என்றார்.

குழந்தைகளுக்கு அது விளங்கவில்லை, எங்களுக்கு விளங்கிற்று. எங்கள் பாட்டனாரின் ஊர் காவேரிக் கரையிலிருந்த நாயம்பாடி. இந்தப் பூங்கா ஏற்பட்ட அதே 1934-ல் மேட்டூர் அணை நிறைவு பெற்றது. நாயம்பாடி நீருக்குள் போயிற்று. தாயார் பிறந்தது அதற்கு வெகு காலத்துக்குப் பின். ஆயினும், அணையில் நீர் வற்றிய ஒரு கோடையில் பாட்டனார் அவரைப் பண்ணவாடிக்கு அழைத்துச் சென்று, வெளியே தெரிந்த கோயில் நந்தியைக் காட்டி, “அதற்கு அந்தப் பக்கந்தான் நம் வீடு” என்றாராம்.

மேட்டூர் இல்லாவிட்டால் தஞ்சையின் வயல்களுக்குக் காலத்தில் நீர் ஏது? இந்தப் பூங்கா இல்லாவிட்டால் எங்கள் ஜாம்பவானுக்குத்தான் இடம் ஏது? பொது நன்மை என்பது மெய். அந்த நன்மைக்காக யாரோ ஒருவர் வாசற்கதவைச் சாத்திவிட்டுக் கடைசியாக இறங்கினார் என்பதும் மெய். முதலாவதை அனுபவிக்கிறவர்கள் இரண்டாவதைத் தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். அந்த மலைநாட்டார் வீட்டை இடிக்காமல், பூட்டாமல் வைத்திருப்பதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். நம் பக்கத்தில் அந்தக் காரியத்தை ஒரு கல் நந்தி தனியே செய்துகொண்டிருக்கிறது.

திரும்பும் வழியில் சின்னவன் கேட்டான்: “பாட்டி, உங்கள் வீடு இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறதா?”

“வீடு இருக்காது, கண்ணு. மண் சுவர்; கரைந்திருக்கும். நந்தி இருக்கிறது.”

“எனக்குக் காட்டுவீர்களா?”

தாயார் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி சற்று நேரம் வண்டியை ஓட்டுவதிலேயே கவனமாக இருந்துவிட்டு, “அடுத்த கோடைக்கு வருகிறோம், அம்மா” என்றான்.

அந்தக் கோடையில் அணையின் நீர் இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. நீர் நிறைந்திருந்தாலும் பண்ணவாடிக் கரையில் நின்று, “அதோ, அங்கேதான்” என்று கை நீட்டிக் காட்டத் தாயாருக்குத் தெரியும்.