மஜ்ரீத் எனும் மாட்ரிட்

பிள்ளைகளைக் காண வளைகுடா நாடுகளுக்குப் பயணப்பட்ட நம் வீட்டுப் பெரியவர்கள், இப்போது ஐரோப்பிய நகரங்களுக்கும் புறப்படத் தொடங்கியுள்ளனர். 2023 ஜூலையில் என் அக்காவை அழைத்துக்கொண்டு ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட்டில் பதினெட்டு நாட்கள் தங்கி வந்தேன். அக்காவின் மகன் அங்கே கணினித் துறையில் பணிபுரிகிறார். அங்குக் கண்டதையும் பட்டதையும் சொன்னால், செல்லவிருக்கும் உங்களுக்குப் பயன்படும்.

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். நானும் அதை ஒரு சடங்காக எண்ணியே பணம் கட்டினேன். அந்தக் காகிதத்தைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் தொழுகை நேரம். ஸ்பெயினின் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. இங்கிலாந்துக்கு நேர் தெற்கே கிடக்கும் அந்நாடு, 1940 முதல் ஜெர்மனியின் நேரத்தைப் பின்பற்றி வருகிறது. ஆகவே கோடையில் லுஹர் பிற்பகல் இரண்டேகால் மணிக்கு மேல்தான். மஃரிப் இரவு ஒன்பதே முக்காலுக்கு. இஷாவுக்கோ பதினொன்றரை ஆகிவிடும். ஊர்வழக்கமும் அதற்கேற்பவே அமைந்துள்ளது. மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு ஒன்பதுக்குப் பிறகு. மாலை ஏழு மணிக்குப் பசியோடு உணவகம் தேடி அலைந்தால் அடுப்புப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். வாழ்நாள் முழுதும் மேற்கு நோக்கித் தொழுத அக்காவுக்கு, அங்கே கிழக்கிலிருந்து சற்றே தெற்காகத் திரும்பி நிற்பது ஒரு வாரம் வரை பழகவில்லை. “சூரியன் உதிக்கிற பக்கமாடா கஅபா?” என்று ஒவ்வொரு சுபுஹுக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

1992இல் திறக்கப்பட்ட இஸ்லாமியப் பண்பாட்டு மையத்தின் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதோம். நகரின் நடுவே லவாபியெஸ் என்னும் பேட்டையில் வங்கதேசத்தார் கடைகளும் ஹலால் இறைச்சிக் கடைகளும் உண்டு. பிற இடங்களில் ஒன்றை நினைவில் வையுங்கள். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது. உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையை, ‘ஹாமோன்’ என்பார்கள், இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காத சமையற்காரர்கள் உள்ளனர். காய்கறித் தட்டின் மேலும் அதைத் தூவிவிடுவார்கள். “ஸின் செர்தோ, ஸின் ஹாமோன்” என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். பலகாரங்களில் ‘மந்தேகா’ என்ற சொல்லைக் கண்டால் தொடாதீர்கள். பெரும்பாலும் அது பன்றிக் கொழுப்பு. குழாய் நீர் மிக நல்ல நீர். உணவகத்தில் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2022இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் இராது என்பதால் கைப்பையில் ஒரு சிறு குப்பி எப்போதும் இருக்கட்டும்.

அரபு ஓதிக்கொடுக்கும் எனக்கு அந்நகரின் கடைப்பலகைகளே பெரிய வேடிக்கையாக இருந்தன. சர்க்கரை அங்கே ‘அஸூகர்’, அரிசி ‘அர்ரோஸ்’, எண்ணெய் ‘அஸெய்தே’. அஸ்ஸுக்கர், அர்ருஸ்ஸு, அஸ்ஸைத்து என்று நம் மதரஸாப் பிள்ளைகள் உச்சரிப்பதுதான் சற்றே நாக்குத் திரும்பி வழங்குகிறது. நல்லது நடக்கட்டும் என்று விரும்பும்போது ‘ஒஹலா’ என்கிறார்கள். அதனுள்ளே அல்லாஹ்வின் பெயர் ஒளிந்திருப்பது சொல்பவருக்கே தெரிவதில்லை.

காணத்தக்கவை பல. அரண்மனை 1734இல் தீக்கிரையான பழைய கோட்டையின் இடத்தில் எழுந்தது. 1819இல் திறக்கப்பட்ட பிராடோ ஓவியக்கூடத்தில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அனுமதி இலவசம். வரிசை நீளம், முன்னதாகவே போய் நில்லுங்கள். ஓவியங்களில் எனக்கு ஈடுபாடு குறைவு. ஆயினும் ரெய்னா சோஃபியா கூடத்தில் பிகாசோவின் ‘கெர்னிகா’ முன் அக்கா நெடுநேரம் நின்றுவிட்டார். 1937இல் குண்டுவீச்சுக்கு இரையான ஓர் ஊரைக் கருதி வரைந்தது என்று கூறினேன். இறந்த பிள்ளையைத் தூக்கி அலறும் தாயைக் காட்டி, “இதைச் சொல்லவும் வேண்டுமா?” என்றார்.

இனி எங்களுக்கு நேர்ந்த இடர். ஞாயிறுதோறும் கூடும் ரஸ்த்ரோ சந்தைக்குச் சென்று திரும்புகையில், மெட்ரோ ரயில் நெரிசலில் அக்காவின் கைப்பையை எவனோ அறுத்துவிட்டான். கடவுச்சீட்டு வீட்டில் பத்திரமாக இருந்தது. பையில் அதன் நகல்தான். போன நூற்று நாற்பது யூரோவும் பெரிதன்று. மீதமிருந்த பத்து நாட்களுக்குரிய சர்க்கரை நோய் மாத்திரைகளும் இரத்த அழுத்த மாத்திரைகளும் அதிலே இருந்தன. எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்தது என் பிழை. மருத்துவர் எழுதிய சீட்டையோ நான் ஊரிலேயே விட்டு வந்திருந்தேன்.

அன்று எங்களோடு வந்தவன் அக்காவின் பேரன் மட்டுமே. பதினோரு வயதுப் பையன். அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வந்த நாள் முதல், தெருவில் இறங்கினால் அவன் எங்களுக்குப் பத்தடி முன்னால் நடப்பான். ரயிலில் தள்ளியே உட்காருவான். புர்கா அணிந்த தன் நன்னியோடு பள்ளித் தோழர்கள் கண்ணில் பட அவனுக்குக் கூச்சம். அக்கா அதை அறிந்திருந்தார். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பச்சைச் சிலுவை விளக்கெரியும் மருந்துக் கடையில், சீட்டின்றித் தர இயலாது என்று பணிவாகவே மறுத்துவிட்டனர். அப்போதுதான் காப்பீடு நினைவுக்கு வந்தது. கைப்பேசியில் சேமித்திருந்த எண்ணை அழைத்ததும் அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு வழி சொன்னார்கள். அங்கே மருத்துவர் ஸ்பானிய மொழியில் கேட்கக் கேட்க, அந்தப் பையன்தான் நன்னிக்கும் அவருக்கும் இடையே நின்றான்.

எத்தனை ஆண்டுகளாக நோய்? பதினாறு. என்னென்ன மாத்திரை? அதற்குத் தடுமாறினார். பிள்ளைகள் எத்தனை? நான்கு, இருப்பவர் மூவர். பையன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒரு பெரியத்தா இருந்து, ஆறு வயதில் மவுத்தாகிப்போன செய்தி அவனுக்கு அதுவரை யாரும் சொல்லாதது. அதையும் அவனே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. குரல் இறங்கிவிட்டது. மருத்துவர் இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, பத்து நாட்களுக்கும் எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது ரயிலில் அவன் அக்காவை ஒட்டி அமர்ந்தான். அக்கா அவனை ஒன்றும் கேட்கவில்லை. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தார்.

ஆகவே வாசகர்களே, மருந்துகளை இரு பைகளில் பிரித்து வையுங்கள். வணிகப் பெயரை எழுதாமல் மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லி மருத்துவரின் சீட்டைக் கொண்டு செல்லுங்கள். அவசரத்துக்கு 112 என்ற எண். பையை மார்புக்கு முன்னே தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் நான் அவர்களை அல்முதேனா பேராலயத்தின் பின்புறச் சரிவுக்கு அழைத்துச் சென்றேன். சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத சிறு பூங்கா அது. பெயர் அமீர் முஹம்மத் பூங்கா. அங்கே நிற்கும் சிக்கிமுக்கிக் கல் மதில், ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவின் அமீர் முதலாம் முஹம்மத் எழுப்பிய கோட்டையின் எச்சம். இந்நகரம் பிறந்ததே அப்போதுதான். மஜ்ரீத் என்பது அதன் பெயர். நீரோடும் வழிக்கு அரபியில் மஜ்ரா என்பர். அச்சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்று கருதுவோர் உண்டு. பேராலயத்தின் பெயரும், கோட்டைநகர் எனப் பொருள்படும் அல்முதைனாவே.

கல்லூரியில் வரலாறு படித்த நாளில் மஸ்லமா அல்மஜ்ரீதீ என்ற பெயரை மனப்பாடம் செய்திருக்கிறேன். அல்குவாரிஸ்மியின் வானியல் அட்டவணைகளைக் குர்துபா நகருக்கேற்பத் திருத்தியமைத்து, 1007 அளவில் மறைந்த அறிஞர். மஜ்ரீதீ என்றால் மாட்ரிட்காரர் என்பது அந்த மதிலின் எதிரே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை ஆண்டுகளாக ஸ்பெயின் பாடத்தை இழப்பின் ஒப்பாரியாகவே நடத்தி வந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அவ்வாறு சொல்ல நாவெழவில்லை. அவன் இந்த ஊரில் வாழப்போகிறவன்.

பெயர்ப்பலகையை அவனே ஸ்பானிய மொழியில் படித்து, நன்னிக்குத் தமிழில் சொன்னான். “சின்ன நன்னா, அப்போ இவங்க நம்ம ஆளுங்களா, இந்த ஊரு ஆளுங்களா?” என்றான். ரெண்டும்தான் என்றேன். அவன் மேலும் கேட்க வாயெடுப்பதற்குள், கால் வலிக்கிறது, எங்கேயாவது உட்காருவோம் என்றார் அக்கா.

அச்சரிவில் படிகளும் ஏற்றமும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களை, வெயில் ஏறுமுன் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள்.