தோலுக்குள் இருந்த புரதம்

கடந்த பொங்கலுக்கு எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி உப்பூர் வந்திருந்தாள். வெளியூரில் புரதங்களின் அமைப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். ஏழு மாதமாக உதவித்தொகை வரவில்லை, படிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றாள். நாங்கள் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

தெருவின் மூத்த தாத்தாதான் கேட்டார்: "அங்க என்னதான் தாயி செய்யுற?"

மாலைப் பாடசாலைத் திண்ணையில் உட்கார்ந்து அவள் சொன்னாள். புரதம் ஒரு நீண்ட சங்கிலி. அது மடிந்து ஓர் உருவம் எடுத்தால்தான் வேலை செய்யும். அந்த உருவத்தை அறிய, கரைசலில் இருக்கும் புரதத்தின் மேல் ஒரு வேதிப்பொருளைக் கொஞ்ச நேரம் விடுகிறார்கள். வெளியே தெரிகிற இடத்தில் அது ஒட்டும். உள்ளே மடிந்து கிடக்கும் இடத்தைத் தொடாது. பிறகு டிரிப்சின் என்ற நொதியால் சங்கிலியைத் துண்டாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் ஒவ்வொரு துண்டின் நிறையையும் அளக்கிறார்கள். ஓர் ஆக்சிஜன் அணு ஒட்டிய துண்டு 16 டால்டன் கூடியிருக்கும். கூடியது வெளியே இருந்தது, கூடாதது உள்ளே இருந்தது. மருந்து ஒன்று வந்து ஒட்டினால் அந்த இடம் மூடிக்கொள்ளும், நிறை கூடாது. மருந்து உட்கார்ந்த இடம் இப்படித்தான் பிடிபடுகிறது.

"ஆவாரம்பட்டைத் தண்ணியில தோலை ஊறப்போடுற மாதிரில்ல இருக்கு" என்றார் தாத்தா.

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "அதுவும் இந்தக் கெமிஸ்ட்ரிதான் தாத்தா" என்றாள்.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். உப்பைத் தடவினால் ஈரம் இறங்கி, தோல் அழுகாமல் நிற்கும். பட்டையின் டானின் கொலாஜன் இழைகளைப் பிடித்துக்கொள்ளும்போது அது தோல்பொருளாகிறது. பச்சைத்தோல் 60 டிகிரி வெந்நீரைத் தாண்டினால் சுருங்கிவிடும். குரோமியம் போட்டுப் பதனிட்டது கொதிநீரையும் தாங்கும்.

அந்தக் கொலாஜனின் மூன்று இழை முறுக்கை உலகுக்குச் சொன்ன இடமும் நம் சென்னைதான். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதை வெளியிட்டார்கள். அவர்கள் இருந்த கிண்டி வளாகத்தை ஒட்டியே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். ஆய்வுக்கு முதலில் கொலாஜன் கிடைத்தது அங்கிருந்துதான்.

ஆய்வகத்துக்குள் போனால் கொலாஜன். எங்கள் கையில் இருந்தால் தீட்டு. செத்த மாட்டைத் தூக்கச் சொன்னவர்கள், தூக்கிய கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நாங்கள் அந்த வேலையை விட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. விட்டது சரி. அதைப் பெருமை பேசித் திரும்பவும் எங்கள் தலையில் கட்ட வருகிறவர்களை நம்பமாட்டோம். ஆனால் அந்த வேலையில் அறிவு இருந்தது என்பதை மறுக்கவும் விடமாட்டோம்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பெரிய புரதங்களை அளக்க வழி கண்டதற்காக 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் ஜப்பானின் கோய்ச்சி தனாகா. முனைவர் பட்டம் இல்லாத கம்பெனிப் பொறியாளர். அவருக்குக் கருவியும் சம்பளமும் நேரமும் இருந்தன. எங்கள் பிள்ளைக்கு அறிவு இருக்கிறது, ஏழு மாதச் சாப்பாட்டுக் காசு இல்லை. தகுதி, தகுதி என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஏன் போடுவதில்லை?

அன்றிரவே வீடு வீடாகப் போய் வசூலித்தோம். மீன் விற்ற காசு, நூறு நாள் வேலைக் காசு. மூன்று மாதத்துக்குத் தேறியது. ஆனால் இது தீர்வு இல்லை. உதவித்தொகை யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை. அது மாதம் தவறாமல் வந்தாக வேண்டும்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது தாத்தா சொன்னார்: "உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு தாயி. நாங்க வெளியத்தான் பாத்தோம்."

ஜெய் பீம்.