தில்லிப் பனியில் கறிவேப்பிலை

தில்லி கிஷன்கஞ்ச் ரயில்வே குடியிருப்பின் கொல்லைகளுக்கு மார்கழியும் தையும் சோதனைக் காலம். இரவில் 4 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்குவதுண்டு. மேகமும் காற்றுமற்ற தெளிந்த இரவே கொடியது. உறைபனி அன்றுதான் படியும். முட்டைக்கோசும் முள்ளங்கியும் இதனைப் பொருட்படுத்தா. நம் கத்தரியும், ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொணர்ந்த கறிவேப்பிலைக் கன்றுமே கருகும்.

செலவு அதிகமில்லை. மாலையில் பாத்தியை நனைத்து வைத்தால், ஈரமண் பகற்சூட்டை இரவில் மெல்ல வெளிவிடும். நான்கு குச்சி நட்டு, பழைய அரிசிச் சாக்கை இலையில் படாமல் போர்த்தலாம். விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இங்குள்ள தோட்டக்காரர்கள் சர்கண்டாப் புல்லால் தட்டி வேய்ந்து, காலை வெயிலுக்காகத் தென்கிழக்கை மட்டும் திறந்துவிடுகின்றனர். அதுவே மேல்.

கறிவேப்பிலை மொட்டையாக நின்றால் அன்பர்கள் பிடுங்கிவிடலாகாது. நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருப்பின் பங்குனியில் துளிர்க்கும். அதுவரை ரசத்திற்குக் கொத்தமல்லியே துணை.