ஆலா விழும் இடம்

சாவக்காடு கடற்கரையில் பெரிய நாட் என்னும் உள்ளான் வகைப் பறவை ஒன்றைக் காலில் கொடியோடு பார்த்திருக்கிறார்கள் என்று செய்தியில் படித்தேன். ரஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள கம்சட்காவில் ஆய்வாளர்கள் மாட்டிவிட்ட கொடி அது. 9,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து கேரளத்து மணலில் இரை தேடியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துச் செங்கல் என்னும் ஊரில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் வியந்து சொன்னேன். "கடல் பறவையப் பத்தித் தெரியணும்னா பொழியூருக்கு வாங்க, கரமடிக்காரங்ககிட்டக் கேப்போம்" என்றார்.

செங்கலில் நின்றால் கடல் தெரியாது. வாழையும் மரச்சீனியும் ரப்பரும்தான். மகேஸ்வரம் கோயிலின் 111 அடி சிவலிங்கத்தைப் பார்க்க வரும் வண்டிகளைக் கடந்து தென்மேற்கே இறங்கினால், பேச்சில் தமிழும் மலையாளமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும் ஊர்கள். நெய்யாறு கடலில் சேரும் பூவார் பொழி ஒரு பக்கம், தமிழ்நாட்டு நீரோடி மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே பொழியூர்.

மாசி மாதக் காலை. கரமடி என்பது கரையில் நின்று இழுக்கும் வலை. அதன் கயிறான கம்பாவின் ஒரு முனையைக் கரையில் சிலர் பிடித்திருக்க, வள்ளம் மறுமுனையோடு கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளிக் கரையேறும். இரண்டு அணியாகப் பிரிந்து இழுப்பார்கள். நாங்கள் போனபோது வள்ளம் இன்னும் இறங்கவில்லை. இருபது பேருக்கு மேல் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் நின்றுகொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலையே பார்த்திருந்தார். அவர் சொன்னால்தான் வள்ளம் இறங்கும்.

அறுபதைத் தாண்டியவர். நண்பர் அவரை மாமா என்று கூப்பிட்டார். நான் அண்ணே என்றேன். கொண்டை ஆலா என்னும் கடற்பறவைகள் சில தொலைவில் பறந்துகொண்டிருந்தன.

"ஒத்தைக்கு நேராப் போறது வழிப்போக்கன் சாரே. அத நம்பப்படாது. அந்தா தலையக் குனிஞ்சுட்டு நிக்குல்லா, அதுக்க கண்ணு தண்ணிக்குள்ள கெடக்கு. ரெண்டு மூணு அடுத்தடுத்து விழட்டு, அப்பம் பாக்கலாம்."

விழுந்தால் நெத்தோலியா சாளையா என்று கேட்டேன். ஒரே இடத்தில் விழுந்து எழுந்தால் நெத்தோலி என்றார். கூட்டம் விழுந்துகொண்டே வேகமாக நகர்ந்தால் அடியில் சூரை துரத்துகிறது. அது கரமடிக்கு எட்டாது, வள்ளக்காரர்களுக்கு உரியது.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஆலாவின் உடலமைப்பு இருக்கிறது. உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்தாலும் பெரும்பாலான ஆலாக்களால் ஒரு மீட்டர் ஆழத்துக்குக்கூடப் போக முடிவதில்லை. கடலில் எவ்வளவு மீன் இருந்தாலும், அது மேலே வந்தால்தான் ஆலாவுக்கு இரை. சூரை போன்ற பெருமீன்கள் கீழிருந்து நெருக்கும்போது சிறுமீன்கள் மேலே பொங்கும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கடலின் அடிநீர் மேலெழுந்து வரும்; அதிலுள்ள சத்தில் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்ன சாளை கூடும். ஆகவே ஆலா விழுகிற இடம் என்பது கடலுக்குள் நடக்கும் நீண்டதொரு சங்கிலியின் மேல்நுனி. கரையில் நிற்கும் இந்த மனிதர் அந்த நுனியை வைத்து முழுச் சங்கிலியையும் படிக்கிறார். சோனார் இல்லாத மடிக்கு இவர்தான் கண்.

எங்கே கற்றார் என்று கேட்டதும் பேச்சு கரமடியை விட்டு ஆழ்கடலுக்குப் போய்விட்டது.

பதினெட்டு வயதில் வள்ளவிளைப் படகுகளில் ஏறியிருக்கிறார். நீரோடி முதல் தூத்தூர் வரையுள்ள ஊர்க்காரர்கள் சுறா பிடிக்க லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள். கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் பறவைகள்தான் அக்கம்பக்கம். "மெதக்குற தடியக் கண்டா அதுமேல ஆலா இருக்கும். தடிக்க அடியில மீனு நிக்கும். ஆலா இருந்தா நாங்க என்சின அணைப்போம்" என்றார். படகின் கூரையில் இரவில் வந்து உட்கார்ந்து, கையால் தொட்டாலும் பறக்காத பழுப்புப் பறவையையும் சொன்னார். அவர் சொன்ன நிறத்தையும் சாதுவான குணத்தையும் வைத்துப் பார்த்தால் அது நாடி என்னும் பறவையாக இருக்கலாம். லட்சத்தீவில் ஆள் குடியில்லாத பிட்டி மணல்திட்டில் அவை முட்டையிட்டு வந்திருக்கின்றன. தடியில் உட்காருவது பெரும்பாலும் பிரைடில்டு ஆலா. மகாராஷ்டிரத்தின் வேங்குர்லா பாறைகளில் குஞ்சு பொரிக்கும் இனம் அது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் இலங்கையின் மேற்குக் கரையோரமாகக் கூட்டங்கூட்டமாகத் தெற்கே போவதை அங்குள்ள ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்திருக்கிறார்கள்.

"இன்னொண்ணு உண்டும். கருப்பு, இடுப்புல வெள்ள. குருவி அளவுதான். தண்ணிமேல நடக்கும் சாரே! நான் சொன்னா எனக்க வீட்டுல சிரிக்கும்."

சிரிக்க ஒன்றுமில்லை. வில்சன் புயற்பறவை அது. எடை 40 கிராம்தான். காலால் நீர்ப்பரப்பைத் தட்டித் தட்டி, நடப்பதுபோல் மிதந்து, மேலே வரும் சிற்றுயிர்களைப் பொறுக்கும். அண்டார்டிகாவின் ஓரங்களில் கூடுகட்டிவிட்டு, அங்கே குளிர்காலம் வந்ததும் நம் அரபிக்கடலுக்கு வரும். பூமியின் அடிமுனையிலிருந்து வரும் ஒரு பறவையை இந்த மனிதர் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறார். இவரிடம் யாரும் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர் வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அப்போது அவர் கரையில் இருந்தார். கூடப் போய் வந்தவர்களில் சிலர் கடலில் இருந்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு ஆழ்கடலுக்குப் போகவேயில்லை, கரமடிக்கு வந்துவிட்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே "எறக்கு!" என்று சத்தம் போட்டார். ஆலாக்கள் விழத் தொடங்கியிருந்தன.

மடி கரைக்கு வரவர ஆலாக்களும் வலைக்குள் அடைபட்ட நீருக்கு மேலேயே கூடின. செம்பருந்தும் காக்கையும் சேர்ந்துகொண்டன. மடியில் நெத்தோலி இருந்தது, நிறைய இல்லை. சாளையும் எப்போதும் கிடைப்பதில்லை. கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021இல் கிடைத்தது 3,297 டன் என்கிறது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம். அப்படிச் சாளை பொய்த்த வருடங்களில் ஆலாவும் வேறு திக்குப் பார்க்கும், மடிக்காரர்களுக்குப் போக வேறு திக்கில்லை.

ஏலம் சில நிமிடங்களில் முடிந்தது. வலைக்கும் வள்ளத்துக்கும் முன்பணம் கொடுத்தவரே ஏலத்தையும் நடத்துகிறார். தரகு முதலில் கழிகிறது, கடன் தீர்வதில்லை. இருபது பேர் தோள் வலிக்க இழுத்ததன் விலையைக் கம்பாவைத் தொடாத ஒரு கை தீர்மானிக்கிறது. இதே திருவனந்தபுரம் கரையில் மரியநாட்டு மீனவர்கள் 1970களில் தங்களுக்கென்று சங்கம் வைத்து மீனைத் தாங்களே விற்றார்கள். அந்த வழியில் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. வழி தெரிந்த கரை இது. ஆனால் வெறுங்கையோடு வீடு போகும் நாளில் அரிசிக்குப் பணம் தருகிறவர் தரகராக இருக்கும்வரை, மடியின் வாய் கடலை நோக்கி இருந்தாலும் அதன் கயிறு அவர் வீட்டில்தான் கட்டியிருக்கும்.

வெயில் ஏறியதும் பொழி முகத்து மணல்திட்டுக்கு நடந்தோம். பட்டாணி உப்புக்கொத்திகள் நாலடி ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். அவை கண்ணால் வேட்டையாடுபவை. ஈர மணலில் அலகைச் செருகித் தேடும் உள்ளான்களுக்கு அலகு நுனியிலேயே உணர்ச்சிக் குழிகள் உண்டு. புழுவின் அசைவை அதனால் அறியும். வந்த வழியே திரும்பிப் பறக்கச் சித்திரைக்குள் இவை கொழுப்பேற்ற வேண்டும். தொலைதூரம் போகும் உள்ளான்களில் சில, புறப்படும்போது உடல் எடையை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்த இரை இந்த ஈர மணலில்தான் இருக்கிறது.

அந்த மணல் மிகக் குறுகலானது. கட்ச் வளைகுடாவில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும். வற்றும்போது பெரும் சேற்றுவெளி திறக்கும். திருவனந்தபுரம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பறவைக்குக் கிடைப்பது ஒரு ஓரப்பட்டை. பொழியூரிலும் பக்கத்துக் கொல்லங்கோட்டிலும் கடலரிப்பு வீடுகளையே கொண்டுபோயிருக்கிறது. நீரோடிப் பக்கத்தில் கடலுக்குள் நீட்டிக் கல்லால் கட்டிய தூண்டில் வளைவுகள்தான் காரணம் என்கிறார்கள் சிலர், விழிஞ்சம் துறைமுகம் என்கிறார்கள் சிலர். துறைமுகத்தை எதிர்த்து 2022இல் நான்கு மாதத்துக்கும் மேல் போராட்டம் நடந்தது. 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 643 கொள்கலன்களோடு மூழ்கியபோது, வெள்ளை பிளாஸ்டிக் மணிகள் இந்த மாவட்டத்துக் கடற்கரைகளில் வந்து ஒதுங்கின. மீன்முட்டை அளவிலான மணிகள். நீர்மேல் மிதப்பதைப் பொறுக்கி உண்ணும் புயற்பறவைக்கு அதில் எது இரை என்று பிரித்தறிய வழியில்லை.

அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டுவது உடனடித் தீர்வாகத் தெரிகிறது. வீடு இழந்தவர்களிடம் கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கல் விழுந்த இடத்தில் கம்பா இழுக்க முடியாது, வலை கிழியும். உப்புக்கொத்திக்கும் ஈர மணல் மிஞ்சாது. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே துண்டு மணல்.

இப்போது அவர்கள் மணல் இருக்கும் பக்கமாக இடம் மாறி மாறி மடி போடுகிறார்கள். சில நாள் வலையை வண்டியில் ஏற்றிப் பூவார் பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வண்டி வாடகையும் மடிக் கணக்கில்தான் கழியும். அவருடைய மகன் கொச்சியில் சோனார் வைத்த படகில் வேலை செய்கிறார். கடலைப் பார்த்துச் சொல்லும் வேலையைப் பழக இங்கே யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

"ஒரு பய வாறான். கண்ணு நல்ல கண்ணு. ஆனா மடி போட எடம் இருந்தால்லா அவன் நிப்பான்? கல்லு போடட்டு, வேண்டாங்கல. எடையில நூறு மீட்டர் எங்களுக்கு விடச் சொல்லுங்க சாரே."