பழைய வேட்டியில் ஒரு ரவிக்கை

எனக்குத் தையல் தெரியும் என்றுதான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தலையணை உறை, பாவாடை, திரைச்சீலை எல்லாம் எனக்கு அத்துப்படி. நேர்கோட்டில் ஓடுகிறவரையில் எல்லாருமே கெட்டிக்காரர்கள்தாம்.

அக்காவுக்கு மார்பில் கட்டி கண்டு, வலப் பக்கத்தை அடியோடு எடுக்கும்படி ஆயிற்று. பிழைத்து வந்தாள். அதற்குமேல் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சில மாதங்களில் அவள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பட்டுப் புடவை வந்தது. அதோடு வந்த ரவிக்கைத் துணி மட்டும் பெட்டியிலேயே கிடந்தது.

“தைக்கக் கொடுக்கவில்லையா, அக்கா?” என்று கேட்டேன்.

“டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் என் முன்னால் நிற்க வேண்டாமா?” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். “நான் தைக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கிற்று.

அம்மாவின் பழைய சிங்கர் மெஷின் என்னிடம் இருக்கிறது. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்திஜி 1924-ல் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் கண்டு அன்பினால் செய்தது என்று காரணமும் சொன்னார். அன்பு இருக்கட்டும், அன்பினால் ‘டக்’ சரியான இடத்தில் விழுந்துவிடுமா?

தெருமுனையில் தைக்கும் பெரியவரிடம் யோசனை கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. “தைத்ததைப் பிரிக்கலாம் அம்மா, வெட்டினதை ஒட்ட முடியாது. பட்டிலே பிரித்தாலும் ஊசி போன ஓட்டை நின்றுவிடும். முதலில் பழைய வேட்டியை வெட்டுங்கள்” என்றார்.

முதல் வேட்டி ரவிக்கையை வழக்கம்போலத் தைத்தேன். இடப் பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. வலப் பக்கம் துணி குழிந்து சுருங்கி நின்றது. அக்கா கண்ணாடியைப் பார்த்து, “ஏண்டி, இது எனக்கா, தலையணைக்கா?” என்றாள். பிறகு சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

இரண்டாவதில் வலப் பக்கத்து டக்கை எடுத்துவிட்டேன். தட்டையான இடத்துக்குத் தட்டையான துணி, கணக்குச் சரிதானே? கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. ரவிக்கை மார்பில் நிற்பதில்லை, தோளில் தொங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. மேட்டில் ஏறி இறங்க வேண்டிய துணிக்கு ஏற இடமில்லாதபோது, தோளிலிருந்து இடுப்பு வரையுள்ள நீளமும் அந்தப் பக்கம் மிஞ்சிப்போகிறது. அதைத் தோளில் பிடித்துத் தைத்ததும் கழுத்து நேரானது. ஆனால் அக்கா, “கல்யாணத்தன்று இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும்” என்றாள். அந்த ரவிக்கை மூலைக்குப் போயிற்று.

மூன்றாவதில் உள்ளே ஒரு பை வைத்துப் பஞ்சு அடைத்த திண்டைச் செருகினேன். பஞ்சு இலேசு. கையைத் தூக்கினால் அதுவும் கூடவே மேலே ஏறிவிடும். ஆகையால் பையின் மேலும் கீழும் நன்றாக மூடி, பக்கவாட்டில் மட்டும் வாய் விட்டேன். திண்டு நின்றது. வெற்றி என்று நினைத்துக் கைகளைப் பொருத்தினால், இரண்டும் இடக் கைகள்! கையின் மேல் வளைவு முன்பக்கம் ஆழமாகவும் பின்பக்கம் சற்று மேடாகவும் இருக்க வேண்டும். துணியை மடித்து வெட்டியிருந்தால் இடமும் வலமுமாக வந்திருக்கும். நான் துண்டுகளை ஒரே முகம் பார்க்க அடுக்கி வெட்டியிருந்தேன்.

மறுபடி வலக் கை வெட்டிப் பொருத்தினேன். அக்கா போட்டுக்கொண்டு மெதுவாக, “இந்தக் கை இறுக்குகிறது” என்றாள். அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கையில் நீர் தேங்கி வீங்குவது உண்டு. இறுக்கமாக எதையும் போடக்கூடாது. டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மாதக்கணக்காக வாயைத் திறக்காதவளை ஒரு வேட்டித் துண்டு பேசவைத்தது. கையை மேலே தூக்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அன்று தையல் நடக்கவில்லை.

நான்காவதைக் காடாத் துணியில் தைத்தேன். துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி என் பிழைகளுக்கு வளைந்துகொடுத்தது. விறைப்பான காடா தாட்சண்யம் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டிக்கொடுத்தது. வலக் கை ஓர் அங்குலம் அகலம், அதற்குத் தக்கபடி கைக்குழி, முன்பக்கம் கொக்கி. இரண்டு கையும் வேறு வேறாக இருந்தால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. அதற்குப் பிறகே பட்டில் கத்தரியை வைத்தேன்.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் 1598 என்று ஆண்டு பொறித்த பயிற்சித் துணி ஒன்று இருக்கிறது. ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்தது. பூக்களும் மிருகங்களும் எழுத்துக்களும் அதில் இருக்கின்றன. தைத்துவிட்டுப் பிரித்தெடுத்த உருவங்களின் தடமும் இருக்கிறது. நான் நூறு பக்கம் எழுதிக் கிழித்தால் குப்பைக்காரருக்குத்தான் தெரியும். அந்தப் பெண் பிரித்த தையலை நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஊரார் வந்து பார்க்கிறார்கள். உடுத்துகிற துணி கிழிந்துபோகும், பயிற்சித் துணியை யாரும் உடுத்துவதில்லை, அதனால் அது நிலைத்தது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அந்த விளக்கம் செல்லவில்லை. பட்டு ரவிக்கையைக் கல்யாணத்தன்று போட்டுக்கொண்டு அக்கா மணையருகில் நின்றாள். எல்லாரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். நான் அக்காவின் வலத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரவிக்கை அசையவில்லை. மறுநாள் அது பீரோவுக்குப் போயிற்று.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போட்டிருந்தது மூலைக்குப் போன அந்த இரண்டாவது வேட்டி ரவிக்கை. திண்டு இல்லை, ஒரு பக்கம் தட்டை. வலக் கையை மட்டும் அவளே பிரித்துத் தளர்த்தித் தைத்திருந்தாள்.

“இதுதாண்டி சுகமாக இருக்கிறது” என்றாள். “இதே மாதிரி இன்னும் நாலு தைத்துக் கொடு.”

வேட்டிக்கு எங்கே போவது? புதுத் துணி வாங்கினேன்.